அக்காவின் சிறுநீரகமும் நான் மிச்சம் பிடித்த பத்தொன்பது குளிசைகளும்

போன மாதம் என் டியூஷன் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் தாய், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி, "டீச்சர், இவருக்குக் கிட்னி மாத்திறதுக்கு டேட் குடுத்திட்டினம். ஒப்பரேஷன் முடிஞ்சால் பிறகு பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். உள்ளே பதினான்கு பிள்ளைகள் கணக்குக் கொப்பியோடு காத்திருந்தார்கள். "ஞாயிறு பின்னேரம் வாங்கோ, ஆறுதலாகச் சொல்லுறன்" என்றேன். அவர் வந்தார், மூன்று மணித்தியாலம் பேசினோம். அன்று அவருக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் இங்கே எழுதுகிறேன். எனக்கு 2019இல் இதை யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நான் இழந்ததில் பாதியையாவது காப்பாற்றியிருப்பேன்.

நோய் வந்த கதை சுருக்கமானது. 2017இல் கால் வீங்கியது, பிரஷர் ஏறியது, பயொப்சி எடுத்துப் பார்த்து ஐ.ஜி.ஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் என்றார்கள். 2018 ஒக்டோபரில் டயலிசிஸ் தொடங்கியது. கணவர் கட்டாரில் வேலை. நான் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு. வாரத்துக்கு இரண்டு தரம் விடிய ஐந்தரைக்குப் போய், பகல் முழுக்க அங்கே கிடந்து, பின்னேரம் வந்து வகுப்பு எடுப்பேன். அந்த மாதங்களில் ஹீமோகுளோபின் குறைந்தபோதெல்லாம் இரத்தம் ஏற்றினார்கள், மூன்று பைன்ட். ஏற்றிய அன்று கொஞ்சம் தெம்பு வரும், நன்றி சொல்லிவிட்டு வருவேன். அந்த இரத்தம் பின்னால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

கணவருக்கும் எனக்கும் ஒரே இரத்த வகை. "நீர் யோசிக்காதையும், நான் தாறன்" என்று சொல்லிவிட்டு 2019 ஜனவரியில் சம்பளமில்லாத லீவில் வந்தார். ஸ்கான், இதயப் பரிசோதனை, சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களைப் பார்க்கும் சி.ரி. ஸ்கான் என்று ஒவ்வொன்றாக எட்டு வாரம் ஓடியது. எல்லாம் நல்ல ரிப்போர்ட். கடைசியில்தான் கிராஸ்மட்ச் செய்தார்கள். அவருடைய வெண்குழியங்களை என்னுடைய இரத்தப் பாயத்தோடு கலந்து பார்க்கும் சோதனை அது. அவருடைய கலங்கள் செத்துப் போயின. பொசிட்டிவ். அதாவது, அவருடைய சிறுநீரகத்தை எனக்குள் வைத்தால் என் இரத்தத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கும் பிறபொருளெதிரிகள் அதை உடனேயே தாக்கக்கூடும். டிக்கெட், இரண்டு மாதச் சம்பளம், சோதனைகள் எல்லாமாக 470,000 ரூபா போயிற்று. காசைவிட, விமான நிலையத்தில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. தன் உடம்பில் ஏதோ குறை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குறை அவருடையது இல்லை என்று எனக்குப் புரியவைத்தவர் வார்ட்டில் இருந்த ஒரு இளம் டொக்டர். என் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் இரண்டு சதுரம் கீறினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி, எரிகாயப்பட்டவர்களுக்குத் தோல் ஒட்டுவதைப் பற்றி கிளாஸ்கோவில் தொமஸ் கிப்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரோடு சேர்ந்து ஆராய்ந்தாராம். எரிந்துபோன ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக ஒட்டினார்கள். கொஞ்ச நாள் பிடித்திருந்து பிறகு அழிந்தது. அதே சகோதரனின் தோலை இரண்டாம் தரம் ஒட்டியபோது முதல் தடவையைவிட வேகமாக அழிந்தது. 1943இல் இதை வெளியிட்டார்கள். முதல் சதுரத்தில் ஒரு கோடும் இரண்டாவதில் பல கோடுகளும் அடித்துக் காட்டி, "உடம்பு முதல் தரம் பார்த்ததை ஞாபகம் வச்சிருக்குது. அதுதான் இரண்டாம் தரம் இவ்வளவு வேகம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். இரண்டு. கர்ப்பத்தின்போது பிள்ளையின் கலங்கள் தாயின் இரத்தத்துக்குள் வரும். அந்தக் கலங்களில் பாதி அடையாளம் தகப்பனுடையது. என் உடம்பு என் கணவரை என் பிள்ளைகள் வழியாக முன்னரே 'பார்த்து' வைத்திருந்தது. ஏற்றிய இரத்தமும் அந்த ஞாபகத்தைக் கூட்டியிருக்கலாம் என்றார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அன்றிரவே அவருக்கு வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, "இது உங்களாலை இல்லை, எங்கடை பிள்ளையளாலை" என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவர் பழையபடி பேசத் தொடங்கினார்.

இதிலிருந்து இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மாற்றுச் சிகிச்சைக்குப் போகக்கூடிய சாத்தியம் இருக்கிறது என்றால், இரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொல்லும்போது "இது கட்டாயம்தானா, இரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்பும் போட்டுச் சமாளிக்க முடியாதா?" என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஏற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் கேள்வியைக் கேளுங்கள். மற்றது, தானம் தருகிறவர் வந்ததும் இரத்த வகையையும் கிராஸ்மட்ச்சையும் முதலில் செய்யச் சொல்லுங்கள், செலவான ஸ்கான்கள் பிறகு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கணவர் தருவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். இந்தச் சோதனையின் பெறுமதியை 1969இலேயே பட்டேல், டெரசாக்கி என்ற ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தெரிந்துகொள்ள ஐம்பது வருடமும் நாலரை இலட்சமும் ஆயிற்று.

பிறகு அக்கா. யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் ஏறி, ஒரு பையில் உடுப்பும் இன்னொரு பையில் மிளகாய்த்தூளுமாக வந்து இறங்கினா. உடம்பு தன்னது, வேற்றாளுடையது என்று பிரித்தறியும் கல அடையாளங்களில், கூடப்பிறந்தவர்களுக்குள் நாலில் ஒரு பங்கு முழுப் பொருத்தம், பாதிப் பங்கு அரைப் பொருத்தம், மிச்சம் பொருத்தமே இல்லை என்பதுதான் கணக்கு. எங்களுக்கு அரைப் பொருத்தம். கிராஸ்மட்ச் நெகட்டிவ். "அரை போதுமோ?" என்று அக்கா டொக்டரைக் கேட்டா. "மிச்சத்தைக் குளிசை பாத்துக்கொள்ளும்" என்றார் அவர். அந்த ஒரு வசனத்துக்குள் இருந்த பாரம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. 2019 செப்டெம்பரில் ஒப்பரேஷன். புதிய சிறுநீரகத்தை வலது அடிவயிற்றில் வைத்தார்கள், பழையவை இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மேசையிலேயே சிறுநீர் வந்தது என்று தாதி மிஸ்ஸி சொன்னபோது நான் அழுதுவிட்டேன். ஒரு வருடமாக என் உடம்பு மறந்திருந்த காரியம் அது.

வீட்டுக்கு வரும்போது மூன்று முக்கியக் குளிசைகளைத் தந்தார்கள்: டக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசலோன். கூடவே தொற்று வராமலிருக்க வேறு சில. மகன் அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தான். "நிர்ப்பீடனம்" என்ற அத்தியாயத்தை வைத்துக்கொண்டு எனக்கு அவன்தான் விளக்கினான். வேற்றுக் கலத்தைக் கண்டதும், உடம்பின் காவல்காரனான டி நிணநீர்க்குழியம் என்ற வெண்குழியம் தனக்குள்ளே கல்சினூரின் என்ற நொதியத்தைத் தட்டி எழுப்பும், அது மற்றக் குழியங்களை ஆள் சேர்க்கும் அழைப்பை எழுதவைக்கும். டக்ரோலிமஸ் அந்தக் கல்சினூரினின் கையைப் பிடித்துக்கொள்கிறது. மைக்கோபீனோலேட், அழைப்புக் கிடைத்தாலும் குழியங்கள் பெருகவிடாமல் தடுக்கிறது. பிரெட்னிசலோன் எல்லா இடத்திலும் பொதுவாகச் சூட்டைத் தணிக்கிறது. கணக்கு டீச்சரான எனக்கு மிகவும் பிடித்தது இவற்றின் பூர்வீகம்தான். டக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு பக்டீரியாவில் இருந்து கிடைத்தது. அதற்கு முன் வந்த சைக்ளோஸ்போரின், 1969இல் நோர்வேயின் ஹார்டாங்கர் பீடபூமிக்கு விடுமுறைக்குப் போன ஒரு மருந்துக் கம்பனி ஊழியர் கொண்டுவந்த மண்ணில் இருந்த பங்கசு தந்தது. 1954இல் பொஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஒரே கருவில் உருவான இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. அவர்களுக்கு இந்தக் குளிசைகள் தேவைப்படவில்லை, உடம்புக்கு வித்தியாசமே தெரியாது. இரட்டைப் பிறவி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு யாரோ எங்கோ கிள்ளி எடுத்த ஒரு பிடி மண்தான் வழி திறந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பு பழகிவிடும், பிறகு குளிசை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்தேன். உடம்பு பழகுவதில்லை. குளிசை இருக்கும் வரைக்கும் பேசாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நேரம் முக்கியம். டக்ரோலிமஸ் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். என் வீட்டில் காலை எட்டு, இரவு எட்டு. வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும் அலாரம் அடிக்கும், பிள்ளைகளே "டீச்சர், குளிசை" என்று சொல்லுவார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் சோதனைக்குப் போகும் நாளில் மாத்திரம் காலைக் குளிசையைப் போடாமல் போக வேண்டும். முதல் நாள் இரவுக் குளிசைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தம் உண்டு. இதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. மூன்றாம் மாதத்தில் வழமை போல எட்டு மணிக்குப் போட்டுவிட்டு ஒன்பதரைக்கு இரத்தம் கொடுத்தேன். அளவு உயர்வாக வந்தது, மருந்தைக் குறைத்தார்கள், அடுத்த கிழமை கிரியட்டினின் ஏறியது. இரத்தத்தில் சேரும் கழிவு அது, ஏறினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம். காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று கிளினிக் நாள் போயிற்று. இப்போது குளிசையை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பைக்குள் கொண்டுபோகிறேன், ஊசி வெளியே வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பேன்.

2020 டிசம்பரில் எனக்கு இருமல். கொரோனாப் பயத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மனமில்லாமல், வீட்டுக்குக் கிட்ட ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். ஐந்து நாளுக்குக் கிளாரித்ரோமைசின் தந்தார்கள். சிறுநீரகம் மாற்றியவள் என்று நான் சொன்னேன், டக்ரோலிமஸ் என்ற பெயரைச் சொல்லவில்லை. நாலாம் நாள் வெண்பலகையில் ஒரு வட்டம் கீறப் போனேன். கை நடுங்கியது. கோடு முள்ளுமுள்ளாக வந்தது. ஒரு பிள்ளை சிரித்தாள், மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. தலையிடி, வாந்தி. போய்ப் பார்த்தால் டக்ரோலிமஸ் அளவு 21. எனக்கு அப்போது இருக்க வேண்டியது 5க்கும் 8க்கும் இடையில். கிரியட்டினின் 1.2இல் இருந்து 1.9. ஈரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதியம்தான் டக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றுகிறது. கிளாரித்ரோமைசின் அந்த நொதியத்தை அடைத்துவிடும், அதனால் மருந்து வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவுக்கு மிஞ்சிய டக்ரோலிமஸ் காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே சுடும். தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள், 185,000 ரூபா. நல்ல வேளை, கிரியட்டினின் திரும்பி இறங்கியது.

ஆகவே, யார் எந்த மருந்து எழுதினாலும் "நான் டக்ரோலிமஸ் பாவிக்கிறேன், இதோடு ஒத்துவருமா?" என்று மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். என் பர்சில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், எல்லாக் குளிசைகளின் பெயரும் அளவும் அதில் இருக்கிறது. பங்கசுக்குக் கொடுக்கும் ஃபுளுகொனசோல், பிரஷருக்குக் கொடுக்கும் டில்டியாசெம் ஆகியவை அளவைக் கூட்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் ஆகியவை குறைக்கும். கிரேப்ஃபுருட் வேண்டாம் என்று எல்லாத் தாள்களிலும் போட்டிருக்கும். எங்கள் ஊரில் யார் கிரேப்ஃபுருட் சாப்பிடுகிறார்கள்? அதே இனத்துப் பழமான ஜம்போலாவும் அதே வேலையைச் செய்யும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல், உடம்பு நோ என்றால் பனடோல் மாத்திரம்; ப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீர்கள். வயிற்றோட்டம் இரண்டு நாள் நீடித்தாலும் மருந்து அளவு ஏறக்கூடும், கிளினிக்குக்கு அழைத்துச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று கொரோனாக் காலத்தில் சொந்தக்காரர்கள் சீந்தில் கஷாயம் கொண்டுவந்து தந்தார்கள். அன்பாகத்தான் தந்தார்கள். எனக்குள் எதிர்ப்புச் சக்தி கூடினால் அது முதலில் தேடிப் போவது அக்காவின் சிறுநீரகத்தை என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைத்தேன்.

இனிச் சொல்லக் கஷ்டமான பகுதி. 2022 மார்ச்சில் இலங்கை ரூபா விழத் தொடங்கியது. 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தாண்டியது. எரிவாயுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பிறகு மருந்து. ஏப்ரல் கிளினிக்கில் "டக்ரோலிமஸ் முடிஞ்சுது, வெளியில பாருங்கோ" என்றார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று காலி வீதியில் ஒரு பார்மசி விடாமல் ஏறி இறங்கினேன். கையில் காசு இருந்தது, மருந்து இல்லை. அன்றிரவு பிள்ளைகள் படுத்த பிறகு சமையலறை மேசையில் மகளின் ஜொமெட்ரிப் பெட்டி மூடியைக் கவிழ்த்து வைத்து, மிச்சமிருந்த குளிசைகளை அதற்குள் கொட்டி எண்ணினேன். அறுபது. நாளுக்கு நாலு வீதம் பதினைந்து நாள். இரவில் இரண்டுக்குப் பதிலாக ஒன்று போட்டால் இருபது நாள். ஐந்து நாள் கூட. கணக்கு எவ்வளவு இலேசாக இருந்தது! ஏப்ரல் 27ஆம் திகதியில் இருந்து பத்தொன்பது இரவு ஒரு குளிசைதான் போட்டேன். நடுவில் மே 9ஆம் திகதி கலவரம், ஊரடங்கு. ஒவ்வொரு இரவும் எட்டு மணி அலாரத்தை நிறுத்திவிட்டு, ஒன்றை வாயில் போட்டு, மற்றதை மூடிக்குள் திருப்பி வைப்பேன். உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சிறுநீர் நன்றாகப் போயிற்று. பார்த்தாயா, சமாளித்துவிட்டோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இருபதாம் நாள் ஒரு பார்மசியில் வேறொரு கம்பனியின் டக்ரோலிமஸ் கிடைத்தது, ஒரு மாதத்துக்கு 38,000 ரூபா. பழைய அளவுக்குத் திரும்பினேன். அளவுச் சோதனை செய்யவில்லை. 9,000 ரூபாவை மிச்சம் பிடிக்கலாம், ஓட்டோவும் இல்லை, அடுத்த கிளினிக்கில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஜூன் நடுப்பகுதியில் போனபோது கிரியட்டினின் 2.8, டக்ரோலிமஸ் 3.1. டொக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "குளிசை ஒழுங்காகப் போட்டீங்களா?" என்றார். "ஓம்" என்றேன். பொய். பயொப்சியில் நிராகரிப்பு, அதாவது உடம்பு அக்காவின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது, டி குழியங்கள் உள்ளே நுழைந்துவிட்டன என்று வந்தது. அன்றிரவு வார்ட்டில் படுத்திருந்தபோது அந்தச் சகோதரனின் தோல் கதை ஞாபகம் வந்தது. என் உடம்பு அக்காவை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வாயைப் பொத்தியிருந்த கையை நானே இரவில் எடுத்துவிட்டிருக்கிறேன். விடிய டொக்டர் வந்ததும் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "இதை நேற்றே சொல்லியிருந்தால் நான் வேறு காரணங்களைத் தேடியிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் நரம்பு வழியாக மெதைல்பிரெட்னிசலோன் ஏற்றினார்கள். முகம் ஊதியது, நித்திரை போயிற்று, சீனி 300ஐத் தொட்டது. பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் மகன் வெள்ளவத்தையில் இருந்து சைக்கிளில் சோறு கொண்டுவந்தான். சேர்ட் முதுகோடு ஒட்டியிருக்கும், பார்சல் சூடாக இருக்கும். எல்லாம் முடிந்து கிரியட்டினின் 1.7இல் நின்றது. 1.2க்கு அது திரும்பவே இல்லை. ஐந்து நாள் குளிசையை மிச்சம் பிடிக்கப் போய் அக்கா தந்ததில் ஒரு பங்கை நிரந்தரமாக இழந்துவிட்டேன்.

அந்தக் காலத்துக்குத் திரும்பப் போக முடிந்தால் என்ன செய்வேன் என்று பல தரம் யோசித்திருக்கிறேன். முதலில், குளிசை எண்ணிய அந்த இரவே கிளினிக்கில் சொல்லியிருப்பேன். எங்களைப் பார்க்கும் டொக்டர்களுக்கு வேறு வழிகள் தெரியும்: இருக்கிற மற்ற மருந்தைக் கூட்டுவது, சைக்ளோஸ்போரினுக்கு மாற்றுவது, டில்டியாசெம் கொடுத்து டக்ரோலிமஸின் தேவையைக் குறைப்பது. எனக்கு எது சரிவந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தால்தானே முடிவெடுப்பார்கள். அப்புறம் கணவருக்குச் சொல்லியிருப்பேன். அவர் கவலைப்படுவார் என்று மறைத்தேன். பிறகு தெரிந்தபோது, மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பத்தே நாளில் ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு மாதத்துக்கான குளிசையைக் கொடுத்தனுப்பினார். அந்தச் சீட்டை ஏப்ரலில் அனுப்பியிருக்கலாம். கம்பனி மாறியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்றக் கம்பனியின் மருந்து தரமில்லாதது என்று நான் சொல்லவில்லை. டக்ரோலிமஸில் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து, நடுவில் உள்ள இடைவெளி ஒடுக்கமானது. அதனால் பெட்டி மாறினால் ஒன்றிரண்டு கிழமைக்குள் அளவைப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரு தரம் போடும் வகையும் இரண்டு தரம் போடும் வகையும் வேறு வேறு, பார்மசியில் மாறித் தந்தால் வாங்காதீர்கள். இன்னொன்று, நிராகரிப்புக்கு வலி வரும், காய்ச்சல் வரும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் சொல்லியது.

வார்ட்டில் அந்த டொக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் அப்பா செத்தபோது அவருடைய கண்களைத் தானம் செய்தோம். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தான சங்கத்தின் வழியாக எங்கள் நாட்டுக் கருவிழிகள் எத்தனையோ நாடுகளுக்குப் போகின்றன. அதைப் பெற்றவர்கள் என்னைப் போலக் குளிசை போட்டுக்கொண்டா இருக்கிறார்கள்? பெரும்பாலும் கண்ணுக்குச் சொட்டு மருந்துதான், என்றார் அவர். கருவிழியில் இரத்தக் குழாய் இல்லை, காவல்காரர்கள் அங்கே இலேசில் போவதில்லை. அப்படிச் சில இடங்களுக்கு உடம்பு சலுகை கொடுக்கிறது என்பதை மெடவார் 1948இலேயே எழுதினாராம். "அந்தச் சலுகையைச் சிறுநீரகத்துக்கும் வாங்கித் தர முடியாதா?" என்றேன். முயற்சி நடக்கிறது என்றார். 1953இல் மெடவாரும் அவரோடு வேலை செய்த பில்லிங்ஹாமும் பிரென்டும் கருவில் இருந்த எலிக்குட்டிகளுக்கு வேறு எலியின் கலங்களை ஏற்றினார்கள், வளர்ந்த பிறகு அந்த எலியின் தோலை அவை தங்கள் தோலாக ஏற்றுக்கொண்டன. அதற்குத்தான் 1960இல் பேர்னெட் என்ற விஞ்ஞானியோடு மெடவாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2008இல் பொஸ்டனில், சிறுநீரகத்தோடு அதே ஆளின் எலும்பு மச்சையையும் ஏற்றி, ஐந்து நோயாளிகளில் நாலு பேரின் குளிசைகளை நிறுத்த முடிந்ததாக ஓர் ஆய்வு வெளியானது. அவர்களும் எங்களைப் போல முழுப் பொருத்தம் இல்லாதவர்கள். ஆனால் அது கடுமையான தயார்ப்படுத்தலோடு, ஆராய்ச்சியாளர்களின் கண்காணிப்பில் நடந்தது. இரவில் சமையலறை மேசையில் தனியாகச் செய்யும் காரியம் இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் எங்களுக்கு ஆகாது, போட வேண்டியவற்றை ஒப்பரேஷனுக்கு முதலே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் மைக்கோபீனோலேட் பற்றி முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும், அது கருவைப் பாதிக்கும். வெயிலில் தோலை மூடிக்கொள்ளுங்கள். கொழும்பில் டெங்குக் காலம் ஓய்வதே இல்லை, ஆகவே பூச்சாடித் தண்ணீரை நான் இரண்டு நாளுக்கு ஒருக்கா ஊற்றிவிடுகிறேன். கடைச் சம்பல், வெட்டி வைத்த பழம், பச்சை முட்டை ஆகியவற்றைக் கைவிட்டேன். இவையெல்லாம் பழகிவிடும்.

குளிசை குறைத்ததை அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் எடுத்தது. 2023 ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது, பின்வாசலில் அவ முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. அறுபது குளிசையையும் ஜொமெட்ரிப் பெட்டி மூடியையும் டொக்டரிடம் சொன்ன பொய்யையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவ கை நிற்கவில்லை. சுளகில் இலை நிறைந்தது. கடைசியாக, "இப்ப வீட்டிலை எத்தினை நாளைக்குக் குளிசை கிடக்கு?" என்று கேட்டா. நாற்பது நாளுக்கு என்றேன். "முப்பதுக்குக் கீழை போனால் எனக்குச் சொல்லு" என்றா. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி போன் வரும். சுகம் விசாரிப்பதற்கு முதல் எண்ணிக்கையைக் கேட்பா. நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போனை எடுப்பேன்.